இரண்டாவது சரணம்

சுவரொட்டியில் ஒரு பிழைகூட இல்லை. குட்டிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். மருந்துப் பெட்டியோ, பள்ளிப் பாடமோ, கடைத் திறப்பு விழாவோ, எது வந்தாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கால்புள்ளி தப்பிக்க முடியாது. குட்டி என்பது அண்ணன் வைத்த பெயர். நாற்பத்தேழு வயதாகி, மூக்கில் கண்ணாடி ஏறி, முட்டி சொடக்குப் போட ஆரம்பித்த பிறகும் அவருக்கு அவள் குட்டிதான். அச்சகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அவள் மேசைக்கு வந்த சுவரொட்டியில் அந்த அண்ணனே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் அவர் பெயர் கொட்டை எழுத்தில். மண்டபம், தேதி, மாலை ஆறு மணி. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே ஒரு சொல்: 'பியானோவுடன்.'

பியானோ தானாக நடந்து வந்து, தானே மூடியைத் திறந்துகொண்டு, தன்னைத் தானே வாசித்துக்கொள்ளும் போலிருக்கிறது. அதை வாசிக்கிறவர் அவளுடைய கணவர். இருபத்திரண்டு வருடமாக அண்ணன் பாடிய ஒவ்வொரு கச்சேரியிலும் அவர்தான் வாசித்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமும் சுவரொட்டியில் இதே கதைதான்.

திருத்த என்ன இருக்கிறது? எழுத்து சரி, தேதி சரி. நினைத்தால் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பேனா வரை கை போனது. ஆனால் இல்லாததைச் சேர்ப்பது பிழை திருத்துகிறவளின் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. குட்டிக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு கையிலும் பழப் பையோடு வந்து நின்று, நோயாளியைவிட அதிகமாகக் கலங்கிப்போகிற ஆள். பாடும்போது முன்னால் பார்ப்பார். பியானோ பின்னால் இருந்தது. பின்னால் இருப்பது அவர் கணக்கில் வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

கணவர் நேர் எதிர். குரலே எழும்பாது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் அங்கிருக்கிற பியானோவைத் தொட்டுப் பார்த்து, இதற்கு மூட்டுவலி, இதற்குச் சளி என்று வைத்தியர் மாதிரி அவள் காதில் சொல்வார். தன் முக்காலிக்கென்று ஒரு பழைய மெத்தையைப் பையில் தூக்கிக்கொண்டு வருவார். பாட்டுக்காரருக்கு இன்று தொண்டை கட்டியிருக்கிறதா, மதியம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாரா, மூச்சு எந்த இடத்தில் தீரும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். மூச்சு தீர்கிற இடத்தில் பியானோ கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடும். கேட்கிறவர்கள், அண்ணன் எவ்வளவு நீளமாக இழுக்கிறார் என்று மெச்சுவார்கள்.

மேடையில் மூன்றாவது ஆள் குட்டி. கணவரின் இடது பக்கம் உட்கார்ந்து தாள் திருப்புவாள். அவளுக்கு இசை படிக்கத் தெரியாது; கணவரின் தாடையைப் படிக்கத் தெரியும். தாடை இறங்கினால் ஒரு தாள். தாடை ஏறினால், அது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு குடும்ப ரகசியத்தை உடைத்தாக வேண்டும்.

அண்ணனின் கச்சேரி எப்போதும் ஒரே பாட்டில்தான் முடியும். ஒரு மனிதன் வெகுதூரத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற பாட்டு. மூன்று சரணம். முதல் சரணத்தில் கிளம்புகிறான். இரண்டாவதில் மழை பிடித்துச் செருப்பு நனைகிறது. மூன்றாவதில் தன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறான். வினை என்னவென்றால், இரண்டாவதும் மூன்றாவதும் 'இன்னும் கொஞ்சம்' என்றே தொடங்கும். வீட்டில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் மூன்றையும் அழகாகப் பாடுவார். மேடையில், பத்துக்கு ஏழு தடவை, முதல் சரணத்திலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவிவிடுவார். தாவியதே அவருக்குத் தெரியாது.

அதற்கு ஓர் அடையாளம் இருந்தது. சரணங்களுக்கு நடுவே பியானோ மட்டும் ஒலிக்கிற இடத்தில், அவருடைய வலது கை போய்க் கோட்டின் நடுப் பொத்தானைத் திருகும். பொத்தானில் கை போனால் ஆள் மழையைத் தாண்டி வீட்டுக்கே போய்விட்டார் என்று அர்த்தம். மூன்றாவது கச்சேரியிலேயே இதைக் கணவர் கண்டுபிடித்துவிட்டார். பொத்தான் திரும்பியதும் இவர் தாடை ஏறும். இடது கை, மூன்றாவது சரணம் கேட்கிற தாழ்ந்த சுரங்களுக்கு இறங்கிவிடும். குட்டி இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் திருப்புவாள். தடுமாறாமல் இருக்க இரண்டாவது சரணத் தாளின் ஓரத்தில் சிவப்பு நூல் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். அண்ணன் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். செருப்பு நனையாமலேயே அந்த மனிதன் வீடு போய்ச் சேருவான். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

முதல் தடவை நடந்தபோதே அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றாள் குட்டி. கணவர்தான் தடுத்தார். "சொன்னா அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே பயந்துடுவார். பயந்தா குரல் சின்னதாயிடும். அந்தக் குரல் சின்னதாகக் கூடாது" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் தொழில் புத்தி விடுமா? ஒவ்வொரு தாவலுக்கும், அச்சகத்தில் விடுபட்ட சொல்லுக்குப் போடுகிற குறியை அந்தத் தாளின் மூலையில் பென்சிலால் சின்னதாகப் போட்டுவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், "என் ஆயுசுக்கும் மேடையில ஒரு வார்த்தை மறந்ததில்ல" என்று அண்ணன் மார்தட்டும்போதெல்லாம் கணவர் தண்ணீர்க் குடத்தைத் தேடுவார். இவள் சிரிப்பு வராமலிருக்கத் தொடையைக் கிள்ளிக்கொள்வாள்.

இதெல்லாம் பேட்டி வரும் வரைதான். கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு செய்தித்தாளில் அண்ணனின் பேட்டி வந்தது. "மேடையில் நான் தனியாகத்தான் நிற்கிறேன். அங்கே என்னைக் காப்பாற்ற என் குரலைத் தவிர வேறு யாரும் இல்லை."

கணவர் அதைப் படித்தார். தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த முக்காலியின் காலுக்கு அடியில் வைத்தார். முக்காலி ஆடுவது நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் 'மச்சான்' என்ற சொல் காணாமல் போயிற்று. 'பாடகர்' என்றார். பாடகர் எத்தனை மணிக்கு வருகிறாராம், பாடகருக்குச் சுருதி எது வேண்டுமாம்.

நாலு நாள் கழித்து, நகம் வெட்டிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்தக் கச்சேரியோடு சரி. இனிமேல் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்லும்போது நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"இந்தத் தடவை அவர் தாண்டினா நான் தாண்டப் போறதில்ல. எழுதியிருக்கறத வாசிப்பேன். தனியாத்தான நிக்கறார், தனியாவே சமாளிக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் குட்டி சமாளித்திருப்பாள். களைப்பாகச் சொன்னார். அதுதான் அவளைக் கலக்கியது. அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தைப் பாட, பியானோ மழையில் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அறுநூறு பேர் முன்னால் தெரிந்துவிடும். அந்தக் குரல் ஒரு தடவை உடைந்தால் அதற்குப் பிறகு அண்ணன் பழைய அண்ணனாக இருக்க மாட்டார். உடைத்தவர் என்ற நினைப்போடு கணவரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அன்றோடு முடிந்துவிடும். இரண்டு பேரும் அவளுக்கு வேண்டும். ஒருவரை விட்டு ஒருவரை எடுக்கத் தெரியாது அவளுக்கு.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, கணவருக்குத் தெரியாமல், அண்ணன் வீட்டுக்குப் போனாள். கையில் அந்தப் பாட்டுத் தாள். கைப்பேசியில், தாள் திருப்பும் இடத்திலிருந்து அவள் பதிவு செய்த கச்சேரிகள். அண்ணன் சமையலறையில் நின்று உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்துக்கொண்டிருந்தார். மூன்று கச்சேரியின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினாள்.

முதல் பதிவைக் கேட்டதும், "மாப்பிள்ள தாண்டிட்டார் பாரு. பாவம்னு நானும் பின்னாடியே போயிருக்கேன்" என்றார். இரண்டாவதைக் கேட்டபோது சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவதுக்கு உட்கார்ந்துவிட்டார். குட்டி தாளின் மூலையைக் காட்டினாள். வரிசை வரிசையாகப் பென்சில் குறிகள். அண்ணன் விரலால் தொட்டுக்கொண்டே போய் நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டார். பொத்தான், தாடை, சிவப்பு நூல், எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டியைச் சொன்னாள். இந்தக் கச்சேரியோடு கணவர் நிறுத்தப் போவதையும், இந்தத் தடவை தாண்ட மாட்டேன் என்றதையும் சொன்னாள்.

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது குட்டி" என்றார் அண்ணன். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"பேச்சுக்குத்தாண்ணே. அந்தப் பேச்சுல நாங்க ரெண்டு பேரும் இல்லையே."

இவள் கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். தெருமுனை திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து இரண்டாவது சரணம் கேட்டது. தப்பில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் செய்கிற மாதிரி, திரும்பத் திரும்ப.

கச்சேரி அன்று மண்டபத்துப் பியானோவைத் தொட்டுப் பார்த்த கணவர், அதற்கு என்ன நோய் என்று சொல்லவில்லை. மெத்தையை விரித்தார், உட்கார்ந்தார். அண்ணன் வழக்கமாக மேடைக்குப் போகும் முன் மாப்பிள்ளையின் முதுகில் ஓர் அறை வைப்பார். இன்று கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டார். ஆனால் பாட ஆரம்பித்ததும் இரண்டு பேரும் வேலையில் புகுந்துவிட்டார்கள். மனஸ்தாபம் இருக்கிற வீட்டிலும் அடுப்பு எரிகிற மாதிரி, கச்சேரி அது பாட்டுக்கு நடந்தது. நன்றாகவே நடந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்து, பியானோ மட்டும் நடக்கிற இடம். குட்டி தாளைத் தொட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணனின் வலது கை மெதுவாகப் போய் நடுப் பொத்தானைத் திருகியது.

மறந்துவிட்டாரா? இல்லை. உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. மழை, செருப்பு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மனப்பாடம் செய்த பயத்தில் கை தன் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. இன்று அவர் சரியாகப் பாடப் போகிறார். எழுதியிருப்பதை வாசிப்பேன் என்றவர் எழுதியிருப்பதை வாசித்தால் போதும், எல்லாம் தப்பிக்கும்.

கணவரின் தாடை ஏறியது.

பொத்தானை அவரும் பார்த்துவிட்டார். பத்து நாள் வைராக்கியம், நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன சொல், எல்லாம் எங்கே போயிற்றோ, இடது கை தாழ்ந்த சுரங்களுக்கு இறங்கிவிட்டது. அண்ணன் விழுவதற்கு முன் போய்த் தாங்கிப் பிடிக்க. விழாத அண்ணனை. குட்டிக்குக் கண் மறைத்தது. சிவப்பு நூலைப் பிடித்து இரண்டு தாளையும் சேர்த்துத் திருப்பினாள். வேறு என்ன செய்வாள்?

அண்ணன் வாயைத் திறந்தார். 'இன்னும் கொஞ்சம்' என்று தொடங்கினார். தொடங்கும்போதே பியானோ எங்கே நிற்கிறது என்று அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், பிடரி விறைத்தது. இரண்டு நாளாக வாயில் உருட்டிய சரணம் நுனி நாக்கில் நிற்கிறது. இரண்டு சொல் பாடுகிற நேரம்தான் கையில். முன்னால் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர், முதல் தடவையாகப் பின்னால் கேட்டார். நனைந்த செருப்பை விழுங்கினார். ஜன்னல் வெளிச்சத்தைப் பாடினார்.

அறுநூறு பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது.

மேடைக்குப் பின்னால் போனதும் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கணவர் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்; இன்று சரணம் எடுக்கிற இடத்தில் ஏதோ தடங்கல் கேட்டதே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. குட்டிதான் சொன்னாள், தான் அண்ணனிடம் போய் எல்லாம் சொன்னதையும், அண்ணன் இன்று தாண்டுவதாக இல்லை என்பதையும். கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப தாண்டினது நானா?" என்றார்.

"நீங்கதான் மாப்பிள்ள" என்றார் அண்ணன். "பரவாயில்ல, நான் சமாளிச்சுட்டேன்." அந்த நிலைமையிலும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, அவர் சுபாவம் எங்கே போகும்? பிறகு நனைந்த சட்டையைப் பிடித்துக் காட்டினார். "ரெண்டே ரெண்டு வார்த்த நேரம். உயிரே போயிடுச்சு எனக்கு. இத எப்படிய்யா இத்தன வருஷம் முகத்துல ஒண்ணும் காட்டாம செஞ்சீங்க?"

கணவர் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வெளியே கைதட்டல் நிற்கவில்லை. இன்னொரு பாட்டு கேட்கிறார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் முதுகில் ஓர் அறை வைத்து முன்னால் தள்ளினார். மூவரும் திரும்ப மேடைக்கு வந்தார்கள். அண்ணன் கையைத் தூக்கியதும் மண்டபம் அடங்கியது.

"இப்பப் பாடின பாட்டுல நடுவுல ஒரு சரணம் விட்டுப்போச்சு" என்றார். "இன்னைக்கு மட்டும் இல்ல. ரொம்ப வருஷமா அத நான் மறந்துக்கிட்டே இருக்கேன். உங்க யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. தெரியாம பாத்துக்கிட்டவர் இதோ இங்க உக்காந்திருக்கார். பக்கத்துல என் தங்கச்சி. நான் ஒரு நாளும் இங்க தனியா நின்னதில்ல."

பிறகு கணவரின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், அந்தக் கொட்டைக் குரலில், கடைசி வரிசை வரை எட்டுகிற மாதிரி சொன்னார். சுவரொட்டியில் அவ்வளவு பெரிய எழுத்து கிடையாது.

கைதட்டினார்கள். அது எவ்வளவு நேரம் என்று குட்டிக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் பாதி எழுந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பியானோவுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் அமைதியானது. விட்டுப்போன சரணத்தை மட்டும் பாடப் போகிறார்கள். குட்டி தாள்களை முதல் சரணத்துக்கே திருப்பி வைத்தாள். அண்ணன் இந்தத் தடவை பாதி உடம்பைத் திருப்பிப் பியானோவைப் பார்த்து நின்றார். கை பொத்தானைத் தேடிப் போய், வேண்டாம் என்று கீழே தொங்கியது. குரல் சின்னதாகிவிடுமோ என்று குட்டிக்குப் பயம் வந்தது.

கணவர் பியானோக் கட்டைகளின் மேல் கையை வைத்தார். அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவசரமே இல்ல மச்சான். எங்க வேணா போங்க, நான் வர்றேன்."

தாடை இறங்கியது. குட்டி சிவப்பு நூலைத் தொடாமல், ஒரே ஒரு தாளைத் திருப்பினாள்.